சிக் போட்டதற்கு நோட்டீஸ் வந்தால்: ரயில் தொழிலாளி தன் கேஸை நடுவர் வரை கொண்டுபோவது எப்படி

அமெரிக்க ரயில் கம்பெனி ஒன்றில் சிக்னல் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் யூனியன் கிளையின் லோக்கல் சேர்மன் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. கம்பெனி யார் மேலாவது குற்றச்சாட்டு வைத்தால், விசாரணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது என் வேலை. அப்படி வரும் குற்றச்சாட்டுகளில் எனக்கு அதிகம் வருவது சிக் போட்டதை, அதாவது நோயைச் சொல்லி வேலைக்கு வராததைப் பற்றியதுதான். காய்ச்சல், முதுகுவலி, பிள்ளையின் ஆஸ்துமா, எதுவாக இருந்தாலும் நோட்டீஸில் ஒரே வாசகம். இங்கே டிஸ்பாச்சராக, எலக்ட்ரீஷியனாக, டிராக் வேலையில், கிளார்க்காக இருக்கும் தமிழர்களும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இந்த விவகாரம் கடைசியில் போய்ச் சேரும் நடுவர் உங்களை விசாரிக்க மாட்டார். புது சாட்சியையும் புது மருத்துவச் சீட்டையும் வாங்க மாட்டார். கம்பெனிக்குள் நடந்த விசாரணையின் டிரான்ஸ்கிரிப்ட், அதில் சேர்ந்த காகிதங்கள், அதற்குப் பிறகு யூனியனும் கம்பெனியும் எழுதிக்கொண்ட கடிதங்கள், இவ்வளவுதான் அவர் மேசைக்குப் போகும். அதனால் உங்கள் கேஸ் உருவாவது நீங்கள் சிக் போட்ட நாளில் தொடங்கி முதல் சில வாரங்களில். அப்போது காகிதத்தில் ஏறாத உண்மை பின்னால் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உதவாது.

ஏன் நடுவர்

1926-ல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டம் தகராறுகளை இரண்டாகப் பிரிக்கிறது. புது ஒப்பந்தம் போடுவது, இருக்கும் ஒப்பந்தத்தை மாற்றுவது ஆகியவை பெரிய தகராறு. இருக்கும் ஒப்பந்தத்துக்கு என்ன அர்த்தம், அதன்படி இவரைத் தண்டித்தது சரியா என்பவை சிறிய தகராறு. வேலையே போனாலும் சட்டத்தின் கணக்கில் அது சிறிய தகராறுதான். அதற்கு வேலைநிறுத்தம் செய்ய முடியாது; கட்டாய நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும். 1934-ல் செய்த திருத்தம் சிகாகோவில் தேசிய ரயில்வே சரிக்கட்டு வாரியத்தை நான்கு பிரிவுகளோடு அமைத்தது. ரயிலை ஓட்டுபவர்கள் முதல் பிரிவு, பணிமனைக்காரர்கள் இரண்டாவது, சிக்னல், டிராக், கிளார்க், டிஸ்பாச்சர் ஆகியோர் மூன்றாவது. 1966 திருத்தத்துக்குப் பிறகு ஒரு கம்பெனியும் ஒரு யூனியனும் தங்களுக்கென்று தனி வாரியம் வைத்துக்கொள்ளவும் வழி வந்தது. இப்போது நிறைய கேஸ்கள் அப்படிப்பட்ட மூவர் வாரியங்களில்தான் முடிகின்றன: கம்பெனிக்காரர் ஒருவர், யூனியன்காரர் ஒருவர், நடுநிலையாளர் ஒருவர். நடுநிலையாளரின் சம்பளத்தை மத்திய அரசின் தேசிய மத்தியஸ்த வாரியம் கொடுக்கிறது. உங்கள் கையிலிருந்து ஒன்றும் போகாது.

இந்தப் பிரிவினை எவ்வளவு வலிக்கும் என்பதை 2022 காட்டியது. அந்த வருடம் பிப்ரவரி 1-ம் தேதி பி.என்.எஸ்.எஃப். கம்பெனி ரயில் ஓட்டுபவர்களுக்கு ஆளுக்கு 30 புள்ளி கொடுத்து, வராத நாளுக்குப் புள்ளியைக் கழிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டு யூனியன்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது டெக்சாஸில் ஒரு ஃபெடரல் நீதிபதி இது சிறிய தகராறு, நடுவரிடம் போங்கள் என்று தடை போட்டார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், ரயில் கம்பெனிகளுக்கும் யூனியன்களுக்குமான தேசிய ஒப்பந்தத்தைச் சட்டமாகவே திணித்தது. அதோடு ஏழு நாள் சம்பளத்துடன் கூடிய சிக் லீவு கேட்ட தீர்மானம் செனட்டில் 52-க்கு 43 வாங்கியும் 60 தேவை என்பதால் விழுந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து பல யூனியன்கள் கம்பெனி கம்பெனியாகப் பேசிச் சில நாட்களை வாங்கியிருக்கின்றன. உங்கள் யூனியன் வாங்கியது எத்தனை நாள், எப்படிக் கேட்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் படித்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருந்த சிக் நாளைப் பயன்படுத்தத் தெரியாமல் புள்ளி இழப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

சிக் போடும் நாளில்

விதிப்புத்தகம் எந்த எண்ணுக்குக் கூப்பிடச் சொல்கிறதோ அதற்கே கூப்பிடுங்கள். ஃபோர்மேனுக்கு மெசேஜ் அனுப்பினேன் என்பது விசாரணையில் நிற்காது. கூப்பிட்ட நேரம், எடுத்தவர் பெயர், நீங்கள் சொன்ன வார்த்தை, மூன்றையும் உடனே எழுதி வையுங்கள். போனில் பதிவான கால் பட்டியலைப் படம் பிடித்து வையுங்கள்.

அடுத்தது 1993-ன் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம். 12 மாதம் வேலை செய்து, கடந்த 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உண்மையாகவே உழைத்து, 75 மைலுக்குள் கம்பெனிக்கு 50 பேர் இருந்தால், உங்களுக்கோ பெற்றோர், துணை, பிள்ளைக்கோ கடுமையான நோய் என்றால் வருடத்துக்கு 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு உரிமை. ஒற்றைத் தலைவலி, ஆஸ்துமா மாதிரி வந்து வந்து போகும் நோய்க்கு ஒரு நாள், அரை நாள் என்று விட்டுவிட்டும் எடுக்கலாம். இந்த நாளுக்குக் கம்பெனி புள்ளி கழிக்கக் கூடாது. லீவில் இருந்த நேரம் 1,250-ல் சேராது. நீண்ட நாள் நோயிலிருந்து திரும்பியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் தடவை கேட்கும்போது சட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வெறுமனே "சிக்" என்று சொன்னால் போதாது. என்ன மாதிரி நிலைமை, டாக்டரிடம் போகிறீர்களா, எத்தனை நாள் ஆகலாம் என்று கம்பெனிக்குப் புரியும் அளவு சொல்ல வேண்டும். ஐந்து வேலை நாளுக்குள் நீங்கள் தகுதியானவரா என்று அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். மருத்துவச் சான்றிதழ் கேட்டால் உங்களுக்குக் குறைந்தது 15 நாள் உண்டு. அதில் குறை இருந்தால் எழுத்தில் சுட்டிக்காட்டி, சரிசெய்ய 7 நாள் தர வேண்டும்.

ரயில்வே ஓய்வூதிய வாரியத்தின் நோய்க்கால உதவித்தொகையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதற்கு நீங்கள் கோரும் முதல் நாளிலிருந்து 10 நாளுக்குள் விண்ணப்பம் வாரியத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கட்டாயம் போடுங்கள், அது உங்கள் பணம். ஆனால் வாரியம் பணம் கொடுத்ததால் கம்பெனி உங்களுக்கு லீவு கொடுத்ததாக ஆகாது. இரண்டும் தனித்தனி வாசல்.

அந்த ஒரு டாக்டர் சீட்டு

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிறைய கேஸ் இந்த அரைப்பக்கக் காகிதத்தில்தான் தோற்கிறது. அவசர கிளினிக்கில் கணினியே அச்சிட்டுத் தரும் சீட்டில் பெரும்பாலும் இருப்பது, "இவர் 14-ம் தேதி இங்கே பார்க்கப்பட்டார், 17-ம் தேதி வேலைக்குத் திரும்பலாம்." நீங்கள் வராத நாள் 12-லிருந்து 16 வரை என்று வையுங்கள். விசாரணையில் கம்பெனி அதிகாரி சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, 12-ம் தேதியும் 13-ம் தேதியும் உங்களால் வேலை செய்ய முடியாது என்று இதில் எங்கே இருக்கிறது என்று கேட்பார். பதில் இருக்காது. 14-ம் தேதிக்குக்கூட, டாக்டரைப் பார்த்தீர்கள் என்றுதான் சீட்டு சொல்கிறது. வேலை செய்ய முடியாத நிலை என்று சொல்லவில்லை.

கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்கு முன் கேட்டு வாங்குங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, இன்ன வேலையைச் செய்ய இயலாத நிலையில் இருந்தார் என்ற வரி. நீங்கள் செய்யும் வேலையை டாக்டரிடம் விளக்குங்கள். கம்பத்தில் ஏறுவது, நடுராத்திரி லெவல் கிராசிங் கேட் பழுதானால் தனியாக ஓட்டிக்கொண்டு போவது, ஓடும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்பது, இதெல்லாம் தெரிந்தால் அவர் எழுதுவது மாறும். நோயின் பெயர் சீட்டில் தேவையில்லை. அது சான்றிதழ் படிவத்தில் மருத்துவப் பிரிவுக்குப் போகட்டும், சூப்பர்வைசர் மேசைக்கு வேண்டாம்.

நோட்டீஸ் வந்தவுடன்

எந்தத் தேதிகள், எந்த விதி என்று வரி வரியாகப் படித்து அன்றைக்கே லோக்கல் சேர்மனுக்கு அனுப்புங்கள். உறையையும் வீசாதீர்கள், அஞ்சல் முத்திரைத் தேதி வேண்டும். சம்பவம் தெரிந்து எத்தனை நாளுக்குள் கம்பெனி நோட்டீஸ் தர வேண்டும், எத்தனை நாளுக்குள் விசாரணை நடத்த வேண்டும் என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கெடு இருக்கிறது. அதை அவர்கள் தாண்டியிருந்தால் அதுவே முதல் ஆட்சேபணை.

நோட்டீஸோடு கூடவே ஒரு சலுகையும் வரும்: விசாரணை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் தண்டனை குறையும். போன மாதம் ஒரு தமிழ்ப் பையன் போன் செய்தான். "அண்ணே, கையெழுத்துப் போட்டா ரெக்கார்டுல ஒரு குறிப்போட போயிடும்னு சூப்பர்வைசர் சொல்றார். விசாரணையில உக்காந்து பேசுறதெல்லாம் எனக்கு ஒத்துவராது." அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். "தம்பி, இந்தத் தடவை குறிப்போட போகும். அடுத்த தடவை காய்ச்சல் வந்தா அந்தக் குறிப்புதான் உன் முதல் குற்றம். நீயே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்ததை நான் எந்த நடுவர்கிட்டயும் திறக்க முடியாது." சில நேரம் கையெழுத்துப் போடுவதே நல்ல முடிவாக இருக்கும், ஆதாரம் முழுக்க எதிராக இருந்து வேலையே போகும் நிலை என்றால் நானே போடச் சொல்வேன். ஆனால் அந்த முடிவை யூனியனோடு உட்கார்ந்து எடுங்கள், சூப்பர்வைசரின் அறையில் எடுக்காதீர்கள்.

கம்பெனி கேட்காமல் நீங்களாக விளக்கக் கடிதம் எழுதவும் வேண்டாம். சாட்சிகள், கால் பதிவுகள், உங்கள் வருகைப் பதிவு, விடுப்புப் பிரிவோடு நடந்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றை விசாரணைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள். அவர்கள் கொடுக்காவிட்டால் அந்த மறுப்பும் உங்களுக்கு ஆதாரம்.

விசாரணை அறையில்

விசாரணை அதிகாரி கம்பெனி ஆள். சாட்சி சொல்பவரும் கம்பெனி ஆள். பெரும்பாலும் தீர்ப்புச் சொல்பவரும் அப்படியே. அதைப் பார்த்துச் சோர்ந்து போகாதீர்கள். நீங்கள் அந்த அறைக்காகப் பேசவில்லை, பல மாதம் கழித்து டிரான்ஸ்கிரிப்டைப் படிக்கப்போகும் ஒருவருக்காகப் பேசுகிறீர்கள். தலையாட்டினால் பதிவாகாது, வாயால் சொல்லுங்கள். காகிதத்தைக் காட்டினால் போதாது, எண் போட்டு இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆட்சேபணை இருந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள். அங்கே எழுப்பாததை நடுவர் முன்னால் புதிதாக எழுப்ப முடியாது.

கம்பெனி சாட்சியிடம் நான் தவறாமல் கேட்பவை: இந்த நாட்களில் இவர் நோயாளி இல்லை என்பதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கிறதா? இவர் அழைத்தது விதிப்படியான எண்ணுக்குத்தானே? இந்த நாட்களில் எவையாவது விடுப்புச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவையா என்று குற்றம் சாட்டும் முன் பார்த்தீர்களா? கடைசிக் கேள்விக்கு "அது வேறு பிரிவின் வேலை" என்று பதில் வருவது வழக்கம். அந்தப் பதில் டிரான்ஸ்கிரிப்டில் இருப்பது தங்கம்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், நடுவர் கேஸை முதலிலிருந்து விசாரிப்பதில்லை. விசாரணை நியாயமாக நடந்ததா, குற்றத்துக்குப் போதிய ஆதாரம் பதிவில் இருக்கிறதா, தண்டனை அளவுக்கு மீறியதா, இந்த மூன்றைத்தான் பார்ப்பார். யார் சொல்வதை நம்புவது என்ற இடத்தில் கம்பெனியின் முடிவையே ஏற்பார். இன்னொரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நோய் உண்மையாகவே இருந்தாலும், வராத நாட்கள் அளவுக்கு மீறினால் கம்பெனி நடவடிக்கை எடுக்கலாம் என்பது நடுவர்கள் நெடுநாளாக ஏற்றுக்கொண்ட கருத்து. அதனால் "எனக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை" என்ற வாதத்தோடு நிற்காதீர்கள். எத்தனை நாள் சட்டத்தின் பாதுகாப்பில் வருகிறது, மீதி எத்தனை, மற்றவர்களை இதே அளவுக்கு எப்படி நடத்தினார்கள், முன்பு எச்சரிக்கை கொடுத்தார்களா என்று கணக்காகப் பதிவில் வையுங்கள்.

முறையீடும் கெடுவும்

தண்டனை வந்ததும் முறையீடு எழுத்தில் போக வேண்டும். ரயில் ஓட்டாத தொழில்களுக்கான 1954 ஆகஸ்ட் 21 தேசிய ஒப்பந்தம் போட்ட சட்டகம் பல ஒப்பந்தங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது: சம்பவத்திலிருந்து 60 நாளுக்குள் கோரிக்கை, 60 நாளுக்குள் கம்பெனியின் காரணத்தோடு கூடிய மறுப்பு, அடுத்த படிக்கு மேல்முறையீடு 60 நாள், கடைசி அதிகாரி மறுத்ததிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் சரிக்கட்டு வாரியத்துக்கு. கம்பெனி கெடு தவறினால் கேட்டபடி கொடுக்க வேண்டும், நாம் தவறினால் கேஸ் செத்தது. தண்டனை முறையீட்டுக்குத் தனிக் கெடு வைத்திருக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. பெரும்பாலும் அவை இதைவிடக் குறுகியவை.

வாரியத்துக்குப் போகும் முன் இரு தரப்பும் நேரிலோ போனிலோ ஒரு பேச்சு நடத்த வேண்டும். நடந்தது என்பதைக் கடிதமாக எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு கேஸில் பேச்சு நடந்ததற்கு ஆதாரம் பதிவில் இல்லை என்று ஐந்து கோரிக்கைகளை வாரியம் தள்ளிவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் எஞ்ஜின் ஓட்டுநர் யூனியன் அதைத் திருப்பியது. ஒரு வரிக் கடிதம் அத்தனை வருடத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

தீர்ப்பு சில பக்கம்தான் வரும். முழு வெற்றி, முழுத் தோல்வி, இரண்டுக்கும் நடுவில் "சீனியாரிட்டியோடு திரும்ப எடு, இழந்த சம்பளம் கிடையாது." வேலை இல்லாத காலத்தில் ரயில்வே ஓய்வூதிய வாரியத்திடம் உதவித்தொகை வாங்கியிருந்தால், பிற்சம்பளம் வரும்போது அதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், முழுவதையும் செலவழித்துவிடாதீர்கள். கோர்ட்டில் தீர்ப்பை உடைப்பது மிகக் கடினம்: சட்டத்தைப் பின்பற்றாதது, அதிகார எல்லை மீறியது, வாரிய உறுப்பினரின் மோசடி அல்லது ஊழல், இவ்வளவுதான் வழி.

இதற்கு இணையாக வேறு கதவுகளும் திறந்திருக்கின்றன. விடுப்புச் சட்ட மீறலுக்கு இரண்டு ஆண்டுக்குள், வேண்டுமென்றே செய்தது என்றால் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வேலையில் அடிபட்டு, டாக்டர் சொன்ன சிகிச்சையைப் பின்பற்றியதற்காகத் தண்டித்தால், ஃபெடரல் ரயில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 180 நாளுக்குள் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கலாம். வீட்டில் ஏற்பட்ட முதுகுவலிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2015-ல் மூன்றாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு கோர்ட் சொல்லிவிட்டது. நடுவரின் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கெடுக்கள் ஓடிவிடும். நடுவர்களில் பலர் ஒப்பந்தத்தைத் தாண்டி வெளிச் சட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தயங்குவார்கள் என்பதால், இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

இணைப்பு வந்தால்: சிக் நாளும் பாதுகாப்புச் சம்பளமும்

2025 ஜூலையில் யூனியன் பசிபிக், நார்ஃபோக் சதர்ன் என்ற இரண்டு ரயில் கம்பெனிகள் இணையப்போவதாக அறிவித்த பிறகு எல்லோரும் கேட்பது நியூயார்க் டாக் (New York Dock) பாதுகாப்பைப் பற்றி, அதாவது இணைப்பில் தொழிலாளியின் சம்பளத்தைக் காக்க விதிக்கப்படும் நிபந்தனையைப் பற்றி. 1979-ல் உருவான இந்த நிபந்தனைப்படி, கம்பெனிகள் இணைவதால் உங்கள் பதவி கீழே போனால், நீங்கள் வேலை செய்த காலம் அளவுக்கு, அதிகபட்சம் ஆறு ஆண்டு, சம்பள வித்தியாசத்தைக் கம்பெனி மாதாமாதம் கொடுக்க வேண்டும். இதிலும் சிக் நாள் இரண்டு இடத்தில் நுழைகிறது.

முதல் இடம், சராசரி. நீங்கள் இடம் மாற்றப்படுவதற்கு முன், வேலை செய்த கடைசி 12 மாதத்தின் மொத்தச் சம்பளத்தையும் மொத்த மணியையும் தனித்தனியாக 12-ஆல் வகுப்பார்கள். உதாரணத்துக்கு, 84,000 டாலர், 1,920 மணி. மாதத்துக்கு 7,000 டாலர், 160 மணி. அந்த வருடத்தில் மூன்று மாதம் நோயால் பாதிச் சம்பளம்தான் வந்தது என்றால் மொத்தம் 73,500, சராசரி 6,125. மாதம் 875 டாலர் குறைவு, ஆறு ஆண்டுக்கு 63,000. ஒரு மாதம் முழுக்க வேலைக்கே போகவில்லை என்றால் அந்த மாதத்தைத் தள்ளிவிட்டு அதற்கு முந்தைய மாதத்தை எடுக்க வேண்டும். "வேலை செய்த மாதம்" என்று நிபந்தனையிலேயே இருக்கிறது. கம்பெனி போட்டுத் தரும் கணக்கை அப்படியே நம்பாமல் மாதம் மாதமாகச் சரிபாருங்கள்.

இரண்டாவது இடம், மாதாந்திரக் கழிவு. புது இடத்தில் மணிக்கு 36 டாலர் என்று வையுங்கள். 160 மணிக்கு 5,760, வித்தியாசம் 1,240 கிடைக்கும். ஒரு மாதம் 16 மணி சிக் போட்டால் உங்கள் சம்பளம் 5,184, வித்தியாசம் 1,816. தானாக விரும்பி வராமல் இருந்த நேரத்தின் சம்பளத்தைக் கழிக்கலாம் என்று நிபந்தனை சொல்வதால், கம்பெனி அந்த 16 மணிக்கு 576 டாலரைக் கழித்து மறுபடி 1,240-தான் என்று நிற்கும். காய்ச்சலில் படுத்திருப்பது விரும்பி எடுத்த லீவா? யூனியன்கள் வாதாடும் இடம் அதுதான். தவிர்க்க முடியாத நோய் என்பதைக் காட்டும் சீட்டு, விடுப்புச் சட்ட ஒப்புதல், உங்கள் ஒப்பந்தத்தின் சிக் விதி, மூன்றையும் மாதக் கோரிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள். வேலைப் பாதுகாப்புக்கான 1965 பிப்ரவரி 7 தேசிய ஒப்பந்தத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவர்களுக்கு விதி இன்னும் கடுமை. உடல் இயலாமையால் வேலை செய்யாத காலத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. எந்தப் பாதுகாப்பின் கீழ் கேட்கிறோம் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது இது. தகுந்த காரணத்தோடு வேலைநீக்கம் ஆனால் நியூயார்க் டாக் பாதுகாப்பு அன்றோடு முடிகிறது. புள்ளிக் கணக்கில் வேலை போனவர் சம்பளத்தோடு ஆறு ஆண்டு வித்தியாசத் தொகையையும் இழக்கிறார். இணைப்பு நடக்கும் காலத்தில் சின்ன எச்சரிக்கைக் கடிதத்தைக்கூட எதிர்க்காமல் விடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பாதுகாப்புத் தொகை பற்றிய தகராறு அந்த நிபந்தனையின் 11-வது பிரிவுப்படி தனி நடுவரிடம் போகும். இங்கே நிரூபிக்கும் சுமை நமக்குச் சாதகமாக இருக்கிறது: எந்த இணைப்பு நடவடிக்கையால் பாதிக்கப்பட்டேன் என்று குறிப்பிட்டு அதற்கான விவரங்களை நீங்கள் வைத்தால் போதும், வேறு காரணத்தால் என்று நிரூபிப்பது கம்பெனியின் வேலை. அந்த விவரங்களுக்கு உங்களிடம் வேண்டியது பழைய சம்பளச் சீட்டுகள், பணிப் பட்டியல்கள், யார் உங்களை எந்தத் தேதியில் சீனியாரிட்டியால் தள்ளினார் என்ற காகிதம். கம்பெனி இணையதளத்தில் பழைய சீட்டுகள் எப்போதும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். இணைந்தபின் கணினி அமைப்பு மாறும். கடந்த இரண்டு ஆண்டுச் சம்பளச் சீட்டுகளை இந்த வாரமே இறக்கி, வீட்டில் ஒரு பிரதி, லோக்கல் சேர்மனிடம் ஒரு பிரதி என்று வைத்துவிடுங்கள்.